சவலைப் புழுக்கள்

தின்கின்றன. காதை அருகில் கொண்டுபோனால் சத்தம்கூடக் கேட்கிறது, காய்ந்த சருகின் மேல் சன்னமாகத் தூறல் விழுகிற மாதிரி. இரண்டு டப்பாவிலும் ஒரே சத்தம்தான், அதனால் சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எடை போட்டால்தான் தெரியும். மணி பத்தே கால். பதினொன்றுக்குப் போடலாம். ஒன்பதுக்கே போட்டிருக்கலாம், ஆனால் ஒன்பதுக்கு இலை மாற்றினேன், இலை மாற்றிய கையோடு எடை போடக் கூடாது, கொஞ்சம் தின்று அடங்க வேண்டும், நான் வேலை பார்த்த பூச்சி ஆராய்ச்சி நிலையத்தில் அதுதான் முறை. முறைதான் காரணம், பயமில்லை. பயமும்தான். இந்த அறை முன்பு குளியலறை, இப்போது என் புழு அறை, சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. என் மகள் மேகலா அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், தண்டு ஒடிகிற சத்தம் இங்கே கேட்கிறது, ஒடித்து ஒடித்து முறத்தில் போடுகிறாள், அந்தச் சத்தமும் இந்தச் சத்தமும் கலந்து எது புழு எது மகள் என்று பிரிக்க முடியாமல், இல்லை, இப்படி நினைக்கக் கூடாது. டப்பாவைப் பார்க்கலாம். இடது டப்பாவில் மலையடிவாரத்துக்குப் பஸ் ஏறிப் போய்ப் பறித்துவந்த ஆமணக்கு இலை. வலது டப்பாவில் நம் வரப்பு ஆமணக்கு இலை, முலாம் பூசும் பட்டறைகளைத் தாண்டி வருகிற வாய்க்கால் தண்ணீரைக் குடித்த இலை. முட்டை ஒரே குவியல். வரப்பில் ஓர் இலையின் அடியில் பழுப்பு ரோமம் மூடி ஒட்டியிருந்தது, பார்த்ததுமே புரொடீனியா என்று தெரிந்துவிட்டது, பருத்தி, நிலக்கடலை, மிளகாய் என்று எதையும் விடாத புழு, அதை வளர்த்துத்தான் நான் சம்பளம் வாங்கினேன். சவர பிளேடால் குவியலை இரண்டாக வகுந்து டப்பாவுக்கு ஒரு பாதி வைத்தேன். ஒரு தாய் முட்டை, பொரிந்து பதினோரு நாள், டப்பாவுக்கு நாற்பது புழு. இரண்டு பக்கமும் எடை சமமாக வந்தால் வரப்பில் ஒன்றுமில்லை, மேகலா அதே வரப்புக் கீரையைத் தின்னட்டும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. வலது பக்கம் குறைந்தால் அவளிடம் சொல்ல வேண்டும். எனக்கும் என் மனசுக்கும் நடுவே அப்படித்தான் பேச்சு.

முதல் நாளே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிற ஆளில்லை, ஒரு ஏனுக்குப் பதில் சொன்னால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு ஏன் வரும், மூன்றாவது ஏனில் அவள் அம்மா இருப்பாள். அதனால் பதினோரு நாளாக எதையாவது சொல்லித் தள்ளிப் போட்டேன், கீரை முற்றல் என்றேன், பூச்சி விழுந்திருக்கிறது என்றேன், அப்படியும் மூன்று முறை ஆக்கிவிட்டாள், மூன்று முறையும் நானும் உட்கார்ந்து தின்றேன். ஏழாம் மாசம் நடக்கிறது அவளுக்கு. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை, ஒன்று நாலாம் மாசம், ஒன்று ஐந்தாம் மாசம். இப்போது வயசு முப்பத்து மூன்று, இதுவும் போனால் இனி வேண்டாம் என்று மாப்பிள்ளையே சொல்லிவிட்டார். வளைகாப்பு முடித்து இங்கே கூட்டிவந்தபோது டவுன் டாக்டரம்மா, ரத்தம் கம்மியா இருக்குது, கீரை நெறையச் சாப்பிடுங்க என்றார். மேகலாவுக்கு ஒரே சந்தோஷம். அம்மா வெச்ச பாத்தி இன்னும் இருக்குதுங்களாப்பா என்று கேட்டாள். இருக்கிறது. அவள் அம்மா பாவாயி போய்ச் சேர்ந்து பதினாலு வருஷம், அவள் விதைத்த தண்டங்கீரை தானாக விழுந்து தானாக முளைத்துக்கொண்டே இருக்கிறது, அதற்கு யாரும் ஒன்றும் செய்வதில்லை, வாய்க்கால் தண்ணீர் கசிந்து போதுமான ஈரம், நல்ல தளதளப்பு. தளதளப்பாகத்தான் இருக்கும். இலையைப் பார்த்து எதுவும் தெரியாது, அது எனக்குத் தெரியும்.

“ஏனுங்கப்பா, அந்த ரூமுக்குள்ள அப்படி என்னதான் பண்றீங்க?” சுவருக்கு அப்பாலிருந்து குரல். புழு பார்க்கிறேன் அம்மிணி என்றேன். “ரிட்டயர்டு ஆயி பதினோரு வருசமாச்சு, ஊர்ல எல்லாருக்கும் டூட்டி முடிஞ்சுது, உங்களுக்கு மட்டும் முடியல.” சிரிக்கிறாள். “எலை மாத்தறதென்ன, தொடச்சு வெக்கறதென்ன. என்னைய ஒரு நாளாச்சும் இப்படி எடை போட்டுப் பாத்திருப்பீங்களா?” ஆஸ்பத்திரியில் போடுகிறார்களே என்றேன். “போடறாங்க, போன மாசத்துக்கும் இந்த மாசத்துக்கும் ஒரே எடைதான், டாக்டரம்மா மொறைக்குது. இத்தன திங்கறேன், எங்க போகுதுன்னே தெரியலீங்கப்பா.” தண்டு ஒடிகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் சொல்வதுதான், ஒரு மாசம் எடை ஏறாமல் இருப்பது உண்டு, அடுத்த மாசம் சேர்ந்து ஏறும். ஆனால் இந்த வார்த்தையை நான் இதற்கு முன் கேட்டிருக்கிறேன், வேறு ஒரு வாயில், புழுவைப் பற்றி. அங்கே போக வேண்டாம். மணி பத்தரை.

நிலையத்தில் எனக்குப் பெயரே சீர்ப்புழுக்காரன். எட்டாவது படித்துவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போனவன், புழு அறை ஆள் ஒரு நாள் வராததால் இலை போடச் சொன்னார்கள், பிறகு அங்கேயே விட்டுவிட்டார்கள், மற்றதெல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றதுதான். விஞ்ஞானிகள் மருந்து அடித்துச் சோதிக்க வருஷம் முழுக்கப் புழு வேண்டும், அதுவும் ஒரே வயசு, ஒரே எடை, ஏற்ற இறக்கம் இருந்தால் கணக்கு நிற்காது. அதனால் நூறு புழுவில் நன்றாக வளர்ந்த எழுபது எண்பதைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுச் சின்னதை எல்லாம் மண்ணெண்ணெய் ஊற்றிய தண்ணீரில் போட்டுவிடுவோம், அதற்கென்று ஒரு பிஸ்கட் டப்பா இருந்தது. இது தப்பில்லை, எல்லா நிலையத்திலும் செய்வதுதான், புத்தகத்திலேயே அப்படித்தான் போட்டிருக்கும். நிலையத்துப் பெரிய ஐயா நீலமேகம் என் பெயரைச் சொல்லி, சென்னிமலை, உன் புழுவெல்லாம் அச்சுல வார்த்த மாதிரி இருக்கேப்பா என்பார், நான் தலையைக் குனிந்துகொள்வேன், அன்றைக்குச் சோறு ருசிக்கும். ஒரு கோடையில் நிலையத்து ஆமணக்கு காய்ந்துபோனது. எங்கள் வரப்பில் நிறைய இருக்கிறது என்று நானே சொல்லி நானே சைக்கிளில் கொண்டுபோனேன். விடிந்ததும் பாவாயிதான் பறிப்பாள், ஒரு கோணிப்பைதான், அடியில் புழுவுக்கு ஆமணக்கு, மேலே வீட்டுக்குக் கீரை, வீட்டு வாசலில் வைத்து இரண்டாகப் பிரிப்போம். மழை வந்த பிறகும் அதுவே பழக்கமாகிவிட்டது. அப்போதுதான் பட்டறைகள் ஒன்றிரண்டாக வந்தன, வாய்க்கால் சில நாள் பச்சையாகவும் சில நாள் மஞ்சளாகவும் போகும், ஊரில் வேடிக்கையாகப் பார்த்தார்கள். நூற்றுக்கு இருபது சின்னது என்பது முப்பது ஆயிற்று, நாற்பதுகூட ஆயிற்று. நான் என்ன செய்தேன் என்றால் முட்டையை இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைத்தேன். அவ்வளவுதான். கேட்ட எண்ணிக்கை கொடுத்தேன், கொடுத்தது எல்லாம் சீராக இருந்தது, டப்பாவில் போனதை யாரும் எண்ணச் சொல்லவில்லை. பாவாயி ஒருத்திதான் பார்த்தாள். மத்தியானச் சோறு கொண்டுவந்தவள் டப்பாவை எட்டிப் பார்த்து, “ஏனுங்க மாமா, இதென்ன இத்தன சவலையாக் கெடக்குது?” என்றாள். பால் மறந்த குழந்தை தேறாமல் போனால் சொல்கிற வார்த்தையைப் புழுவுக்குச் சொன்னாள். எல்லாக் கூட்டத்திலும் நாலு சவலை இருக்கும் என்றேன். “நாலுங்கறீங்க, டப்பா ரொம்பிக் கெடக்குது. தாயி சரியில்லையோ, தீனி சரியில்லையோ.” நீதானே தீனி போடுகிறாய் என்றேன். “நம்ம எலையக் கொற சொல்லாதீங்க, அந்த வரப்பத்தான் நானும் தின்னுட்டு மலையாட்டம் இருக்கறேன்.” இருந்தாள். அப்போது இருந்தாள்.

பதினொன்றாகப் பத்து நிமிஷம். தராசைத் துடைத்து வைக்கலாம், நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரிச் சின்னத் தராசு. முதல் மூன்று நாள் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். வலது டப்பாவில்தான் இலை சீக்கிரம் காலியானது, நரம்பு மட்டும் மிச்சம் வைத்து அரித்திருந்தன, இடது டப்பாவில் பாதி இலை கிடந்தது. நன்றாகத் தின்கின்றன, வரப்பில் ஒரு கோளாறும் இல்லை, பதினைந்து இருபது வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தது வீண் பயம் என்று அன்றைக்கு மேகலாவோடு உட்கார்ந்து கீரை மசியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். நடுச்சோற்றில்தான் ஷகிலாவின் ஞாபகம் வந்தது, கை நின்றுவிட்டது. ஷகிலா ஆராய்ச்சி மாணவி, மேல்படிப்புக்கு வந்த பெண். என்னை அண்ணா என்பாள். முலாம் பட்டறைகளில் புழங்குகிற காட்மியம் என்கிற உலோகத்தின் உப்பை ஐந்து அளவில் கரைத்து, இலையை அதில் முக்கி உலர்த்திப் புழுவுக்குக் கொடுத்தாள். குறைந்த அளவு கொடுத்த புழு அதிகமாகத் தின்றது. அதிக அளவு கொடுத்தது தின்னாமல் இலைக்கு மேலே தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. “ரெண்டாவது டோஸப் பாருங்கண்ணா, திங்கறது ஜாஸ்தி, வளர்றது கம்மி. தின்னதெல்லாம் எங்க போகுதுன்னு நெனைக்கறீங்க? உள்ள போன விஷத்தக் கட்டி வெக்கவே அதோட சக்தி பூராச் செலவாயிடுது. மிச்சம் இருந்தாத்தான வளர்றதுக்கு.” நான் அந்த இரண்டாவது டோஸ் புழுவை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். தலை பெரிதாக, உடம்பு ஒல்லியாக, தோல் மங்கி. எனக்குத் தெரிந்த புழு. ஒன்பது வருஷமாகப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொண்டிருந்த புழு. என் புழுவுக்கு யாரும் உப்பு கரைத்துக் கொடுக்கவில்லை. “பாதி விஷத்த எச்சத்துல தள்ளிடும்ணா, தோல் உரிக்கறப்பக் கொஞ்சம் போயிடும், புழு கெட்டிக்காரன்.” மனுசன் எப்படித் தள்ளுவான் பாப்பா என்று கேட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தாமல், “மனுசனுக்கு ஏதுண்ணா தோல் உரிக்கறது, கிட்னிலயே தங்கிடும்” என்றாள். மேகலா அப்போது எட்டாவது படித்தாள். பாவாயிக்குக் கால் வீக்கம் வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது, அவள் சாக ஆறு வருஷம் இருந்தது. அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனேன், அவள் கீரைக் குழம்பு வைத்திருந்தாள். மறுநாள் காலையில், மறுநாள் காலையில் என்ன செய்தேன் என்றால் சைக்கிளைத் திருப்பி ஏழு மைல் மலையடிவாரத்துக்கு மிதித்தேன். ஷகிலா விஷம் கொடுக்காமல் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த புழுவுக்கும் நான்தான் இலை போடுகிறேன், அதில் விஷம் இருந்தால் அந்தப் பெண்ணின் படிப்பே வீண், பாவம், கெட்டிக்காரப் பெண். அதனால் புழுவுக்கு இலையை மாற்றினேன். பாவாயியிடம், இனி இலை பறிக்க வேண்டாம், நிலையத்துக்கு வேறு இடத்தில் சொல்லிவிட்டார்கள் என்றேன். அப்ப நமக்கு மட்டும் கீரை பறிச்சாப் போதுமுங்களா என்று கேட்டாள். போதும் என்றேன்.

போதும் என்றேன். இந்த இடத்தில் வந்து வந்து முட்டிக்கொள்கிறேன், இதற்கு அப்பால் வழியில்லை. மனுசன் பெரிய உடம்பு, புழு சின்ன உடம்பு என்று நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளலாம். நினைத்தேனா. சொல்லியிருந்தால் பாவாயி வாய்க்காலில் துணி துவைக்கிறவர்களிடம் எல்லாம் சொல்வாள், அது நிலையத்துக்குப் போகும், ஒன்பது வருஷமாகச் சவலை விழுந்ததை ஏன் சொல்லவில்லை என்று நீலமேகம் ஐயா கேட்பார், அவருடைய அத்தனை அட்டவணையும் நான் பொறுக்கிக் கொடுத்த புழுவின் மேல் நிற்கிறது. அச்சில் வார்த்த மாதிரிப் புழு. இதைத்தான் நினைத்திருப்பேன். மண்ணை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவள் சிறுநீரகம் கெட்டதற்கு இதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, சர்க்கரை இருக்கா, பிரஷர் இருக்கா, வலி மாத்திரை தின்பாங்களா என்று பெரிய டாக்டர் கேட்டார், எதுவும் இல்லை என்றேன், சில பேருக்குக் காரணம் தெரியறதில்லைங்க என்றார். அவர் கேட்டது மூன்று கேள்விதான். நாலாவதாக ஒன்றைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. கடைசி வருஷம் அவள் நன்றாகச் சாப்பிட்டாள், சாப்பிடச் சாப்பிட எலும்பு தெரிந்தது, வீக்கம் வடிந்த நாளில் வளையல் முழங்கை வரை ஏறும். சவலை என்று எனக்குள் ஒரு வார்த்தை வரும், அதைத் துப்பிவிடுவேன்.

பதினொன்று. இடது டப்பா முதலில். இடுக்கி வேண்டாம், மெல்லிய தூரிகையால் தள்ளி எடுக்க வேண்டும், புழுவுக்கு வலிக்காது. பத்துப் புழு, நாலு கிராம் முப்பது மில்லிகிராம். சரி. நல்ல புழு, கறுப்பு முக்கோணக் குறி பளிச்சென்று விழுந்திருக்கிறது. இப்போது வலது. தூரிகை அதுபாட்டுக்குப் போகிறது, அறுபத்தொன்பது வயசிலும் இந்த ஒரு வேலைக்குக் கை தயங்காது, ஒன்று, இரண்டு, இது வேண்டாம், மூன்று, மேகலா தாளிக்கிற வாசம் வருகிறது, வெங்காயம், சீரகம், நாலு, ஐந்து, ஆண் பிள்ளையாக இருந்தால் என்ன பெயர் வைப்பாள், அம்மா பெயர் வைக்கிற மாதிரிப் பெண்ணாக இருக்கட்டும் என்கிறாள், ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நாலு கிராம் இருபத்தெட்டு மில்லி. இன்னொரு முறை போடு. நாலு இருபத்தெட்டு. இரண்டு மில்லி ஒரு வித்தியாசமே இல்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. வரப்பு வெறும் வரப்பு, பாவாயிக்கு ஏதோ வந்தது, யாருக்கும் காரணம் தெரியாதது, நான் ஒன்றும் செய்யவில்லை, பதினாலு வருஷமாக ஒரு வெறும் பூதத்தைக் கட்டி அழுதிருக்கிறேன். எழுந்து நின்றேன், ஸ்டூல் விழுந்தது. “என்னங்கப்பா சத்தம்?” ஒன்றுமில்லை அம்மிணி, ஸ்டூல். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. தராசில் இருந்ததைத் திரும்ப டப்பாவில் விடலாம் என்று குனிந்தபோதுதான் இடது கைப்பக்கம் ஒரு மூடி இருப்பதைப் பார்த்தேன். டப்பாவின் மூடிதான், மல்லாத்தி வைத்தது. அதற்குள் புழு நெளிகிறது. நான் வைக்கவில்லையே என்று நினைத்தேன். பிறகு, நான்தான் வைத்தேன். தலை பெரிதாக, உடம்பு ஒல்லியாக, தோல் மங்கி. எண்ணினேன். பதினேழு. நாற்பதில் பதினேழு. நல்லதாகப் பத்தைப் பொறுக்குவதற்குள் சின்னதை எல்லாம் கை ஒதுக்கியிருக்கிறது, எனக்குத் தெரியாமல், என்னிடம் கேட்காமல். இடது டப்பாவுக்கு மூடியே தேவைப்படவில்லை. கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது இன்றைக்கு மட்டுமா செய்தது. எதையெல்லாம் இப்படி ஒதுக்கியது. பதினேழையும் தராசில் போட்டேன், போட வேண்டியதில்லை, இருந்தாலும் போட்டேன். பதினேழும் சேர்ந்து மூன்று கிராம் இல்லை.

“சாப்பாடு ஆச்சுங்கப்பா, எனக்குப் பசி தாங்கல, நான் உக்காந்துட்டேன், நீங்க வாங்க.” இரண்டு அடி எடுத்து வைத்தால் சமையலறை. கையைக் கழுவும்போதே பொய் தயாராக இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்திருக்கிறார்கள், காற்றில் வந்திருக்கும், அந்தக் கீரை வேண்டாம். நல்ல பொய், நம்புவாள், இன்றைக்குக் கொட்டிவிடுவாள். பத்து நாள் கழித்து மருந்து வாசம் போயிருக்கும்ல என்று போய்ப் பறிப்பாள். அப்போது இன்னொன்று சொல்ல வேண்டும், அப்புறம் இன்னொன்று. பிரசவம் வரைக்கும் ஓட்டலாம். ஓட்டிவிடலாம், நான் ஓட்டக் கூடியவன்தான். அவள் கீழே உட்கார முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து தட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள், பச்சையாகப் பிசைந்த சோறு, முதல் கவளம் போயிருக்கும்போல, உதட்டோரம் பச்சை. “அதத் திங்காத அம்மிணி” என்றேன். அவள் சிரித்தாள். “உப்பு ஜாஸ்தியாங்க, நீங்க இன்னும் வாயிலயே வெக்கலயே.” வாய்க்கால் தண்ணி சரியில்லை, பட்டறைத் தண்ணி, கீரைக்குள்ள ஏறியிருக்குது என்றேன். “யாரு சொன்னாங்க?” புழு சவலையாப் போகுது, நாப்பதுல பதினேழு. “புழுவுக்கு ஆகலைன்னா மனுசருக்கும் ஆகாதுங்களா? அம்மா காலத்துல இருந்து திங்கறமே.” ஆமா, என்றேன். அம்மா காலத்துல இருந்து. அவள் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஒன்று நகர்ந்தது, அவள் அம்மா மாதிரியே முதலில் கண்ணைச் சுருக்குவாள். “அம்மாவுக்கு இது தெரியுமுங்களா?” தெரியாது. “உங்களுக்கு?” தெரியும். “எப்ப இருந்து?” நீ எட்டாவது படிக்கறப்ப இருந்து. ஃபேன் சுற்றுகிறது. பிறகு மெதுவாக, எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரி, நான் அதில் புகுந்து தப்பித்துவிட வேண்டும் என்று அவளே கெஞ்சுகிற மாதிரிக் கேட்டாள். “அப்ப உங்களுக்கும் உறுதியாத் தெரிஞ்சிருக்காதுங்கப்பா. சும்மா ஒரு சந்தேகம். அதுக்கப்புறமும் நம்ம எலையத்தான புழுவுக்குப் போட்டீங்க?” ஆமாம் என்று ஒரு வார்த்தை, தலையை ஆட்டினால்கூடப் போதும்.

“இல்ல கண்ணு” என்றேன். “புழுவுக்கு மறுநாளே மாத்திட்டேன்.”

அவள் விரல்களில் அடுத்த கவளம் உருட்டியபடி இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.